பொய்க் காமாலைக்கு அரை டஜன் சாத்துக்குடி

ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சாத்துக்குடி வாசனை. என் பையிலிருந்துதான் வருகிறது. பக்கத்து நாற்காலியில் நீ இருந்திருந்தால் "யாருக்குடி சீக்கு?" என்று கேட்டிருப்பாய். போலாரத்திலிருந்து வரும் மாணவன் ஒருவனுக்கு டைபாய்டாம். பதினைந்து நாளாக ஆளைக் காணோம், டாக்டர் சர்டிபிகேட் மட்டும் வந்திருக்கிறது.

அன்றைக்கு என் வகுப்பு ஸ்வாதிக்கு மஞ்சள் காமாலை, ஞாபகமிருக்கிறதா? மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வருஷம் நாலு பேருக்குக் காமாலை எழுதிக் கொடுத்தாரே ஒரு டாக்டர், அதே மகராசன் கையெழுத்து! இவ எப்படிப் பரீட்சை எழுதறான்னு பார்க்கறேன்" என்று குதித்தேன். வருகை குறைந்தவர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதப் பேனாவையும் திறந்துவிட்டேன். எழுதியிருந்தால் அவளுக்கு ஒரு வருடம் போயிருக்கும்.

"நக்கோடி" என்றாய். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வேண்டாம் என்ற சொல் வாயில் வராது. "பொய்யோ மெய்யோ, காமாலைன்னு எழுதியிருக்கு. சீக்காளியைப் போய்ப் பார்க்க வேண்டாமா?"

வழியில் அரை டஜன் சாத்துக்குடி வாங்கினாய். மௌலா அலியில் குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்ததே ஸ்வாதிதான். தலைக்குக் குளித்துவிட்டுக் கல்லுக்குண்டு மாதிரி நின்றாள். பின்னாலேயே அவள் அம்மா வந்தார். "மஞ்சக்காமாலையா? யாருக்கு மேடம்? தினமும் காலேஜுக்குத்தானே போறா!"

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கப் போன என்னை நீ இடித்துவிட்டு, "காலேஜ்ல யாரோ தப்பாச் சொல்லிட்டாங்கம்மா. நல்லா இருக்காளே, அது போதும்" என்று பழப்பையை நீட்டினாய். கண் சிமிட்டாமல் பொய் சொன்னாய், பாவி.

எங்களோடு பஸ் ஸ்டாப் வரை வந்த ஸ்வாதி அங்கே உடைந்து அழுதாள். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் எதைக் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில். முதல் வகுப்பு புள்ளியியல், ஒன்றும் புரியவில்லை, கேட்டால் மேடம் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்கிறார், அதனால் ரயில்வே ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்றாள். அந்த மேடம் நான்தான்.

பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "கைக்குக் கோவம்? எதுக்குடி?" என்று சிரித்தாய். "சீக்கு யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. மருந்து சாப்பிடு."

கசந்தது. ஆனால் சாப்பிட்டேன். கிண்டலை விட்டேன். தினமும் முதல் பத்து நிமிடம் முந்தைய நாள் புரியாததற்கென்று ஒதுக்கினேன். நீயும் விடாமல் பழப்பையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாய். பரீட்சைக்குள் பின் பெஞ்சு வரை நிரம்பியது. அந்தப் பட்டியலை அந்த வருடம் காலியாகவே அனுப்பினேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் ஏகப்பட்ட பெருமை.

அடுத்த வருடம் நீ போய்ச் சேர்ந்தாய். நான் மல்காஜ்கிரி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் காலை காலிங்பெல் அடித்தது. வாசலில் வகுப்பே நின்றது. முன்னால் ஸ்வாதி, கையில் சாத்துக்குடி. தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்: "நாலு நாளா நீங்க ஆப்சென்ட் மேடம். காமாலையான்னு பார்க்க வந்தோம்."

சிரித்தேன்டி. அழுதுகொண்டே சிரித்தேன். மறுநாள் முதல் வகுப்புக்குப் போய்விட்டேன்.

இதோ, போலாரம் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். டைபாய்டு பொய்யாகத்தான் இருக்கும். காரணம் இந்த முறையும் நானென்றால், அதையும் அவன் வாயாலேயே கேட்டுக்கொண்டு வருகிறேன்.