வட்டக்கானலில் நீ ஒதுக்கி வைத்த இரும்பு

பல்லாவரம் சந்தையில் இன்று ஒரு சாக்கு நிறைய பழைய சைக்கிள் செயின் வந்திருந்தது. கிரீஸும் துருவும் கலந்த அந்த வாடை பத்தடி தள்ளியே மூக்கில் ஏறியது. எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அம்மா செம்பருத்திச் செடி கேட்டிருந்தாள், அதை வாங்கத்தான் போனேன். ஆனாலும் நின்றுவிட்டேன். இரும்புக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், தனியா வந்துக்கீற? உன் தோஸ்து எங்க? அவருக்குன்னே இந்தச் செயின எட்த்து வெச்சிகினு கீறேன்."

நீ இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அதைச் சொல்ல ஒரு வரி போதும். "ஊர்ல இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை, உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நம் யூனிட்டுக்கு விடுமுறை. நீ பம்மலிலிருந்து வருவாய், நான் தாம்பரத்திலிருந்து வருவேன். அந்த இரும்புக் குவியலில் நீ இரண்டு மணி நேரம் துழாவுவாய். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தேய்ந்த ஸ்பேனர், பேரிங் குண்டு, செயின் என்று பொறுக்கி, மதிய இடைவேளையில் ஒட்டி ஒரு கொக்கோ ஆந்தையோ செய்து மிஷின் மேல் உட்கார வைத்துவிடுவாய். திருமுடிவாக்கம் யூனிட்டில் உன் வேலை வெல்டிங், என் வேலை சோதனை. முதல் பீஸை நான் அளந்து பச்சை அட்டை கட்டினால்தான் நீ அடுத்ததைத் தொடலாம். சிவப்பு அட்டை கட்டினால் நீ சண்டை போட்டதே கிடையாது. "ரிஜெக்டா சார்? சரி, வுடு." நமக்கு ஒரே வயது. அந்த 'சார்' முழுக்க நக்கல்.

போன வருடம் பொங்கல் லீவில் கொடைக்கானல் போனோம். திட்டம் என்னுடையது. இரண்டு நாள், ஒன்பது இடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று போனில் எழுதி வைத்திருந்தேன். தூண் பாறை, பைன் காடு, ஏரி எல்லாம் முதல் நாள் மதியத்துக்குள் முடிந்தன. அதன் பிறகு வட்டக்கானல், அங்கிருந்து டால்பின் நோஸ். வட்டக்கானல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சுவரெல்லாம் ஓவியம், வாசலெல்லாம் மண் கோப்பை, டீக்கடையில் ஒருவன் கிட்டார் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். ஒரு ஆம்லெட் வர நாற்பது நிமிடம் ஆனது. "இந்த ஊர்ல யாருக்கும் வேலையே இல்லையா?" என்று நான் கேட்டேன். "இதுதான்டா வேல" என்றாய்.

அங்கேதான் அந்தத் தகரக் கொட்டகை இருந்தது. வாசலில் மண்வெட்டி, கலப்பைக் கொழு, லாரிப் பட்டை எல்லாம் சேர்த்து ஒட்டிய ஒரு காட்டெருமை, நிஜ அளவில். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, கிராப்பு வெட்டிய நரைத்த தலை, அதற்கு ஒரு கொம்பை ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறி தெறித்தது, கொம்பு விழுந்தது. மறுபடியும் விழுந்தது. பக்கத்தில் நின்ற உனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மிஷின் மேல தப்பு இல்ல. ராடு நமுத்துப் பூட்ச்சு. இந்த மூட்டத்துல அப்பளமே தாங்காது, ராடு எப்டிக்கா தாங்கும்? வூட்ல தோசக்கல்லு கீதா?"

"தோசைக் கல்லா? எதுக்குங்க தம்பி?"

"ராடு சுடத்தான். எண்ண மட்டும் ஊத்திடாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். வெல்டிங் ராடுகளைத் தோசைக் கல்லில் வரிசையாக அடுக்கி, பொறுமையாகப் புரட்டிப் புரட்டிக் காய வைத்தாய்.

"டேய், மூணு மணிக்கு டால்பின் நோஸ்ல இருக்கணும்."

"அது எங்க மச்சான் ஓடிடப் போவுது? மலைதான?"

"மூடுபனி ஏறிடும்டா."

"ஏறட்டும்."

மறுநாளும் நீ அங்கேதான் போனாய். நான் கோபத்தில் தனியாக டால்பின் நோஸுக்கு இறங்கினேன். வேர்களே படியாக இருந்த பாதை, வழுக்கல். பாறையின் முனையில் போய் நின்றால் கீழே பள்ளத்தாக்கு இல்லை, வெறும் வெள்ளை. பத்து நிமிடம் காத்திருந்தேன், கலையவில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏறி வந்தேன். அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

நான் கொட்டகைக்கு வந்தபோது நீ அவருடைய தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றிருந்தாய். கொம்பு ஏறிவிட்டது. இறங்கி வந்து நாலடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாய். போய்த் தொட்டாய், திரும்பி வந்து பார்த்தாய். மூன்று வருடம் உன் பக்கத்தில் வேலை செய்திருக்கிறேன். நீ செய்த எதையும் நீ அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அன்று எனக்குத் தோன்றியது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பது மட்டும்தான்.

பஸ் ஸ்டாண்டில் பை மேல் உட்கார்ந்திருந்தோம். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"மச்சான், அந்த அக்கா ஆறு மாசம் இங்கயே தங்கி வேல செய்யச் சொல்றாங்க. பெரிய வேல ஒண்ணு வந்துக்கீதாம். இன்னாடா சொல்ற?"

நான் யோசிக்கவே இல்லை. "ஆறு மாசம் கழிச்சு என்ன பண்ணுவ? பி.எஃப் உண்டா, ஈ.எஸ்.ஐ உண்டா? உங்கம்மாவ யாரு பாப்பாங்க? இரும்புல எரும செஞ்சு எவன்டா பொழச்சான்?"

நீ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ரிஜெக்டா சார்?"

"ரிஜெக்ட்."

"சரி, வுடு."

வத்தலக்குண்டு வரை நீ ஜன்னலில் தலை சாய்த்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

நவம்பர் மழையில் பம்மலில் உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றாய். பிறகு டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "அந்த ஃபிரேம் ஆர்டர் டெலிவரி போச்சா?" என்று கேட்டாய். போய்விட்டது என்றேன். நான்காம் நாள் நீயே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் சபைக்காரர்கள் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது, சும்மா நின்றேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தக் கையைத் தாங்குகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொடைக்கானல் குளிரில் டெங்குக் கொசு தங்காது. நீ மலையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆறு மாதம் என்றால் ஜூலையிலேயே முடிந்து நீ திரும்பியிருப்பாயே என்று கணக்கும் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான். ஆனால் ஸ்டூல் மேல் நின்ற உன்னைப் பார்த்தவன் நான். நீ திரும்பியிருக்க மாட்டாய். இப்படியே மூன்று மாதம் போனது. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், பீஸ்களை அளந்தேன்.

போன மாதம் உன் அம்மா கூப்பிட்டாள். "கொடைக்கானல்ல இருந்து யாரோ ஒரு அம்மா அவன் நம்பருக்குப் பேசினாங்கப்பா. எனக்கு வாய் வரல, வெச்சிட்டேன். நீயே சொல்லிடு."

போனில் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறினேன்.

கொட்டகை அப்படியே இருந்தது. நான் சொன்னதும் அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் போன உண்மையான காரியத்தைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"நான்தான் மேடம் அவன இங்க வர வேணாம்னு சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம், பஸ் ஸ்டாண்டுல."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "சாயங்காலமா? மத்தியானமே எங்கிட்ட முடியாதுன்னுட்டானே தம்பி. அம்மாவத் தனியா விட்டுட்டு வர முடியாதுக்கா, தப்பா எடுத்துக்காதீங்கன்னான். நீங்க அப்ப டால்பின் நோஸுக்குப் போயிருந்தீங்க."

இத்தனை நாள் சுமந்தது என்னுடையதே இல்லை. இறக்கி வைத்து மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்த நொடியே வேறொன்று வந்து உட்கார்ந்தது. முடியாது என்று நீயே சொல்லிவிட்டு வந்த பிறகு என்னிடம் எதற்குக் கேட்டாய்? உனக்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை. பஸ் வரும்வரை அதைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்க ஆசைப்பட்டிருக்கிறாய். நான் நான்கு வரியில் முடித்துவிட்டேன்.

அவர் என்னைக் கொட்டகையின் பின்பக்கம் அழைத்துப் போய் ஒரு தார்ப்பாயைத் தூக்கினார். கீழே இரும்பு. ஒரு சைக்கிள் ரிம், ஏழு குதிரை லாடம், தையல் மிஷின் சக்கரம், கதவுக் கீல்கள், நீளமான ஒரு கரண்டி. எல்லாம் துரு தேய்த்துச் சுத்தம் செய்து, ஏதோ ஒரு ஒழுங்கில் வைக்கப்பட்டிருந்தன.

"முடியாதுன்னு சொன்னப்புறம்தான் இத ஒதுக்கி வெச்சான். அடுத்த வாட்டி லீவுல வந்து ஒட்டிடுறேன், யாரையும் தொட வுடாதீங்கக்கான்னான். நானும் தொடல." கொஞ்சம் தயங்கினார். "இத வெச்சு என்ன பண்ண நெனச்சான் தம்பி? நீங்க கூடவே இருந்தவரு. உங்ககிட்டச் சொல்லியிருப்பானே?"

குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் பார்த்தேன். எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் படித்துவிடுகிறவன் நான்.

"தெரியல மேடம்" என்றேன்.

அவர் தார்ப்பாயை மூடி நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

இன்றைக்கு நீ கேட்டாலும் வேலையை விடாதே என்றுதான் சொல்வேன். உனக்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீயே சிரிப்பாய். ஆனால் அந்த ஏழு லாடத்தையும் என்னால் எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை. சிக்னலில் நிற்கும்போது அவற்றை இறக்கையாக வைத்துப் பார்க்கிறேன். வேலைக்கு நடுவில் விலா எலும்பாக வைத்துப் பார்க்கிறேன். கரண்டி கழுத்தாக இருக்கலாம், வாலாகவும் இருக்கலாம். சக்கரம் எங்கே போகும் என்று பிடிபடவில்லை. "அங்க என்னடா செய்யப் போற?" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பாய்.