பாதி விலைத் தொலைபேசி

லோமே,
மார்ச் 1996

அன்பு மகள் என்யோனாமுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பிரஸ்ஸல்ஸ் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டில்தான் அமைதி இல்லை. தந்தி கொடுத்தோமே, செனியோ மாமாவின் அடக்கம் போன சனிக்கிழமை கானா பக்கம் டெனுவில் முடிந்தது. அன்றிலிருந்து உன் அம்மா என்னிடம் பேசுவதில்லை, அக்ப்லே களியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். எல்லாம் நீயும் நானும் சேர்ந்து யோசித்து வாங்கிய தொலைபேசியால் வந்த வினை.

நீ கணக்குப் படித்தவள், நான் சாவு வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். எல்லைக்கு அந்தப் பக்கம் கானாவில் இருக்கும் நம் அஃப்லாவோ கடைக்கு ஒரு இணைப்பு வேண்டும் என்று எழுதினேன், இரண்டு நாட்டிலும் சந்தா விசாரியுங்கள் என்றாய். கானா பக்கம் தொலைபேசி அலுவலக வரிசையில் நின்றேன், வீட்டுக்கா கடைக்கா என்று கேட்டான், உண்மையைச் சொன்னேன், அப்படியானால் இரண்டு மடங்கு என்றான். நம் டோகோ பக்கம் அதே கடை இணைப்பு, சேடியை ஃபிராங்காக மாற்றிப் பார்த்தால் அதில் பாதிகூட வரவில்லை. லோமே வீட்டிலேயே வையுங்கள், எல்லையைத் தாண்டினால் கடைதானே என்று நீ எழுதினாய், நானும் மண்டையை ஆட்டினேன். எண்ணைச் சிவப்பில் எழுதிக் கடை வாசலில் மாட்டினேன், மணிதான் அடிக்கவே இல்லை. ஊரில் ஆட்கள் சாவதையே நிறுத்திவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் மாமா போனார். உன் அம்மா உடனே டெனுவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள், பந்தலை நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை. ஆனால் சாவு வீட்டார் வாய்விட்டுக் கேட்காமல் பந்தலைக் கொண்டுபோய் இறக்கினால், எப்போது சாவான் என்று காத்திருந்த மாதிரி ஆகும், நம் தொழிலில் எவனும் அதைச் செய்யமாட்டான், உனக்கே தெரியும். எப்படியும் கூப்பிடுவார்கள் என்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை போய் இறங்கினால் மைதானம் முழுக்க நம் போட்டிக் கடைக்காரன் அக்பெக்கோவின் நீல நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் அவன் பெயர். உன் அம்மா எதிலும் உட்காரவில்லை, நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தாள்.

மாமா மகன் மாவுலியைத் தனியே கூப்பிட்டு இப்படிச் செய்துவிட்டாயே என்று கேட்டேன். "மாமா, நாங்க கூப்பிடாம இல்ல. ஃபோன் கடைக்காரன்கிட்ட உங்க நம்பரைக் குடுத்தா அது வெளிநாடாம், முன்பணம் கட்டச் சொல்றான். உங்களுக்கு ஊர்ல யாருமே ஃபோன் போடாததுக்கு அதான் காரணம். சரின்னு கடைக்கு ஆள் அனுப்புனோம், பூட்டிக் கிடந்துச்சு. அக்பெக்கோவுக்கு உள்ளூர்க் காசு போதும்." திரும்பும் வழியில் உன் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எங்கண்ணன் ஒண்ணும் வெயில்ல கெடக்கலை, நெழல்லதான் இருந்தாரு. அந்த நெழல் உங்களுது இல்ல, அவ்வளவுதான்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சந்தாவை அணா பைசா விடாமல் ஒப்பிட்டோம், கூப்பிடுகிறவன் பையை யாராவது பார்த்தோமா? அஃப்லாவோவில் இரண்டு மடங்கு சந்தாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், எனக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம். மாவுலிக்கு இரண்டு வரி துக்கம் விசாரித்து எழுது, மறக்காதே.

இன்னொன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். டெனுக்காரர்களுக்கு நாம் வெளிநாடு, அதனால் கூப்பிடவில்லை, நியாயம். உனக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் வெளிநாடுதான், அந்தப் பக்கமும் வெளிநாடுதான். இத்தனை மாதத்தில் நீ ஏனம்மா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை?

ஆண்டவன் உன் கூடவே இருப்பான், உன் கைபட்டதெல்லாம் விளங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்த பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அப்பா,
கொஜோ அமெகாவி