பிரெஞ்சில் போன பெத்திசம்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
3 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி ராணிக்கு,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. எழுபத்தொரு வயதில் என் கையால் எழுதும் முதல் தமிழ்க் கடிதம்! கோயில் மண்டபத்தில் அஜந்தா என்ற பிள்ளை தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறாள். றொக்சன் ரீச்சரின் வகுப்பில் பிரெஞ்சும் எழுதப் பழகிவிட்டேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. மூன்றாம் மாடி ஏறி முழங்கால் போய்விட்டது, கீழ்த்தள அரசாங்க வீட்டுக்கு ஐந்து வருடமாகக் காத்திருக்கிறேன் என்று தொலைபேசியில் அழுதாயே. போன மாதம் உங்கள் நகரசபைக்கு நானே பிரெஞ்சில் பெத்திசம், அதுதான் மனு, எழுதி அனுப்பிவிட்டேன். ஊரில் அரசாங்கக் கச்சேரி வாசலில் பெத்திசம் எழுதுகிறவர் நம் பெயரிலேயே எழுதுவாரே, அப்படி உன் பெயரில் எழுதி, கீழே உன் பெயரையே போட்டேன். பெல்ஜியத்தில் பிரெஞ்சுதானே, உடனே விளங்கும்.

உன் அண்ணை
உருத்திரமூர்த்தி

24 மார்ச் 2025

அண்ணைக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு நகரசபையிலிருந்து அழைப்பு வந்தது.

பெல்ஜியம் முழுவதும் பிரெஞ்சு இல்லை. நான் இருப்பது வடக்கே, ஃபிளாண்டர்ஸில். இதற்குத் தனிப் பாராளுமன்றம், தனி அரசாங்கம். பாஷை டச்சு, யாழ்ப்பாணக் கோட்டையைத் திருப்பிக் கட்டிய ஒல்லாந்தரின் பாஷை. பஸ்ஸில் அரை மணி தெற்கே போனால் பிரெஞ்சு. இந்தப் பக்கம் எங்கள் நகரசபைக் கந்தோரில் டச்சு மட்டும்தான். அதற்காகத்தானே படிக்கட்டுத் துடைத்த கையோடு மூன்று வருடம் வகுப்புக்குப் போனேன்.

கந்தோரில் வீட்டு விண்ணப்பங்களைப் பார்க்கும் அக்னெஸ் உங்கள் கடிதத்தை மேசையில் போட்டார்.

"பிரெஞ்சுக் கடிதம், கனடா முத்திரை, உங்கட பேர். நீங்கள் இஞ்சை இருக்கிறியளோ, கனடாவிலையோ?"

"அது என்ர அண்ணை எழுதினது."

"எழுதப் படிக்கத் தெரியாத அண்ணை எண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

அதை எழுதியது நீங்கள்தான், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஏப்ரல் 25க்குள் நிரூபிக்காவிட்டால் வரிசையிலிருந்து என் பெயரை வெட்டிவிடுவார்கள். இத்துடன் உள்ள டச்சு வாக்குமூலத்தை உங்கள் கையாலேயே பார்த்து எழுதி, உங்கள் பெயரைப் போட்டு எனக்கு அனுப்புங்கள்; இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். இனி வேறு ஒருவருக்கும் எதுவும் எழுத வேண்டாம். எனக்கும்தான்.

புஷ்பராணி

7 ஏப்ரல் 2025

ராணிக்கு,

பதினொரு தாள் கிழித்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, எழுத்து எழுத்தாகக் கீறினேன். கிழித்த தாள்களைப் பார்த்து அஜந்தா சொன்னாள்: "தாங்கோ ஐயா, நான் வடிவா எழுதித் தாறன்."

"கையை எடு பிள்ளை. வடிவா இருந்தா என்ர தங்கச்சிக்கு வீடில்லை."

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எழுத வேண்டாம் என்றாய். இதுவரை உனக்கு எழுதாமலே இருந்தவன்தான், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் நிறுத்துகிறேன்.

அண்ணை

28 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

அக்னெஸ் உங்கள் பெத்திசம், வாக்குமூலம் இரண்டு தாள்களையும் என் விண்ணப்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார்: "இப்பிடி ஒரு எழுத்தை வேற ஒருத்தராலும் எழுத ஏலாது."

என் பெயர் வரிசையில் நிற்கிறது. வீடு இன்னும் இல்லை. கோபமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் தினமும் கீழே இறங்கித் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். இந்த முழங்காலோடு.

ராணி

9 மே 2025

என் ராணிக்கு,

எழுத்தைத் திருத்தச் சொல்லி றொக்சன் ரீச்சர் இரட்டைக்கோட்டுக் கொப்பி ஒன்று தந்தார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தபால்காரர் வரும் நாளில் மட்டும் இறங்கு. வாற கிழமையும் இதே கோணல் எழுத்தில், உனக்கு மட்டும் எழுதுவேன்.

அண்ணை