கோமதி கேமராவுக்கு கிரிப் போடணுமா, மாப்ளே?

என் பிரியமுள்ள மாப்ளே தனசேகரா,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கடைக்கு வருகிறேன், ஷட்டரைத் தூக்குகிறேன், சாம்பிராணி போடுகிறேன், உட்காருகிறேன், ஷட்டரை இறக்குகிறேன். பாண்டி பஜாரில் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கேமராக் கடைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் வழி கேட்கத்தான் வருகிறார்கள். அலுப்பாக இருக்கிறதடா.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு கேள்வி. தொழிலில் இந்த மாதிரி சந்தேகம் வந்தால் மயிலாப்பூருக்கு, உனக்குத்தான் போன் போடுவேன். கை தானாக உன் நம்பருக்குப் போனது. அப்புறம்தான் பேப்பரை எடுத்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் உன் கோமதி கடைக்கு வந்தாள். உன் கேமராவைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள். பக்கத்தில், நான் உனக்கு விற்ற பழைய பேட்டரி கிரிப்பை வைத்தாள்.

"அண்ணா, ஒரே கேள்வி. கிரிப் போடணுமா, வேணாமா?"

இதைப் பக்கத்திலிருந்து படிக்கிறவர்களுக்கும் புரியட்டும், நீ கொஞ்சம் பொறு. கிரிப் என்பது கேமராவின் அடியில் திருகி மாட்டும் ஒரு கட்டை. உள்ளே இரண்டு பேட்டரி போகும். கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடிக்கும்போது முழங்கையைத் தூக்காமல் படம் எடுக்க, அதிலேயே இன்னொரு பொத்தான் இருக்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் மாட்டியவுடன் கேமரா ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். நான் விற்றது பேட்டரியை வைத்து அல்ல, அந்தப் பெரிசை வைத்து.

என் வசனம் உனக்கு மனப்பாடம். "கல்யாண வீட்ல பெரிய கேமராவைப் பாத்தாத்தான் சார் வழி விடுவான். எங்க தனாவைப் பாருங்க, மணவறையில அவருக்குக் குறுக்கே ஒருத்தன் நிக்கிறானா?" உன் பேரைச் சொல்லி நான் விற்ற கிரிப்புகளை அடுக்கினால் மாம்பலம் ஸ்டேஷன் வரை போகும்.

அந்த வசனம்தான் இப்போது கோமதி ரூபத்தில் வந்து எதிரே நின்றது.

நீ போனதும் அவள் வீட்டோடு இருந்துவிடுவாள் என்றார்கள். நீ ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்களை எடுத்து முடித்தாள். அதற்குமேல் அவளாகவே ஒப்புக்கொள்ள ஆரம்பித்தாள். உன் இரண்டாவது கேமராவாக எத்தனை வருஷம் உன்னோடு அலைந்தவள், அவளுக்கு என்ன தெரியாது? ஆனால் ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அடி விழுந்தது. கெட்டிமேளம் கொட்டப் போகிற நேரம், பெண்ணின் தாய்மாமன் வந்து இவளைத் தள்ளினாராம்.

"ஏம்மா, ஓரமா நில்லும்மா. போட்டோகிராபர் வரணும்ல?"

"நான்தாங்க போட்டோகிராபர்."

"அப்போ ஆம்பள யாரும் வரலியா?"

இந்தப் பேச்சு முடிவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. இவள் கேமராவில் விழுந்தது தாய்மாமனின் முதுகு. ஆல்பம் பார்க்க வந்த பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லையாம். "ஒரு முடிச்சுகூட இல்லையேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாராம். சத்தம் போட்டிருந்தால் தேவலாம், இல்லையா?

"கார்த்திகையில திருவான்மியூர்ல ஒரு முகூர்த்தம் கீதுண்ணா," என்றாள். "அதுலயும் தாலி கட்றதை வுட்டேன்னா இந்தத் தொழில் எனக்கில்ல. கேமராவை நீங்களே வித்துக் குடுத்துடுங்க. அதான் கேக்கறேன். பெரிசா தெரிஞ்சா வழி விடுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அப்போதுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பட்டை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதனால்தான் உன் கிரிப்பைக் கழற்றிப் பையின் அடியில் போட்டுவிட்டு, வெறும் கேமராவோடு அலைந்திருக்கிறாள்.

பதில் சொல்லாமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. பழைய கிரிப்பைக் கையில் எடுத்து, பேட்டரித் தட்டை வெளியே இழுத்தேன். தட்டுக்கு அடியில், நாலாக மடித்து அழுத்திச் செருகிய ஓர் அட்டை. பிரித்தேன். என் கடையின் விசிட்டிங் கார்டு. என் பேர், என் நம்பர், உன் வேர்வையில் மஞ்சள் பூத்து.

எனக்குப் புரிந்துவிட்டது. கிரிப்புக்குள் பேட்டரி ஆடியிருக்கிறது. கேமராவைச் சாய்த்தால் கரண்ட் போய்விடும். ஆடாமல் இருக்க அட்டையைச் செருகியிருக்கிறாய். அது டூப்ளிகேட் சரக்கு மாப்ளே. "கம்பெனி மால்தான், டப்பா மட்டும் வேற," என்று சொல்லி உன் கையில் கொடுத்தவன் நான். தெரிந்தேதான் கொடுத்தேன். பிளாட்பாரத்தில் குடை விரித்து ஃபிலிம் ரோல் விற்று மேலே வந்தவன் நான். பொய்யே சொல்லாமல் வியாபாரம் செய்தேன் என்றால் அதுதான் பெரிய பொய். ஆனால் உன்னிடமும் சொன்னேனே.

கோமதி என் முகத்தைப் பார்த்தாள். "என்னண்ணா, புதுசா பாக்கற மாதிரி பாக்கறீங்க? ஆடும் அது. வாங்கின மாசமே ஒரு சீமந்தத்துல கேமராவுக்கு உசுரு போயிடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவன்."

"சொல்லத்தான் கெளம்பினாரு. உங்க கடை வாசல்ல ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தாங்களே, ஆளே வராம, அப்போ. போயிட்டுத் திரும்பி வந்து, 'மச்சான் மூஞ்சே செத்துப் போய்க் கீது கோமு. சொன்னா உடனே வாங்கி வச்சுக்கினு வேற எடுத்துக் குடுப்பான். இப்போ வேணாம்'னாரு. அப்புறம் அப்படியே வுட்டாரு."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. டீ குடித்தாய். தோண்டிய பள்ளத்தைப் பார்த்து, "இன்னா மச்சான், கடை வாசல்ல நீச்சல் குளம் கட்றியா?" என்று சிரித்தாய். போகும்போது, "ஒரு கார்டு குடு, ஒருத்தருக்குத் தேவைப்படுது," என்றாய். எனக்கு ஆள் பிடித்துத் தரப் போகிறாய் என்று நினைத்து, நல்ல கார்டாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஏன்டா சொல்லவில்லை? திட்டியிருக்கலாமே. நாலு பேர் நிற்கும்போது கல்லாவில் வீசி எறிந்திருக்கலாமே. திட்டு வாங்கியவன் மறந்துவிடுவான். திட்டு வாங்காத எனக்கு இப்போது என்ன வழி?

"அந்தக் கதை கெடக்கட்டும்," என்றாள் கோமதி. "புதுசா ஒண்ணு போடலாமா, வேணாமா? அதைச் சொல்லுங்க."

நிஜமான கம்பெனி கிரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். உன் கேமராவில் மாட்டி, இரண்டு பேட்டரியும் போட்டு அவள் கையில் கொடுத்தேன். "கெட்டிமேளம் எவ்வளவு நேரம் கொட்டுவாங்களோ, அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிம்மா," என்றேன். பிடித்தாள். கண்ணை எடுக்காமல் பிடித்தாள். பாதியிலேயே கேமராவின் மூக்கு நடுங்க ஆரம்பித்தது. இடது கையை அடியில் கொடுத்து மறைத்தாள். "ஒண்ணுமில்லண்ணா," என்றாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை, மாப்ளே.

கேமராவை வாங்கி கிரிப்பைக் கழற்றினேன். "வேணாம்," என்றேன். இத்தனை வருஷத்தில் கிரிப் கேட்டு வந்த ஓர் ஆளிடம் நான் சொன்ன முதல் வேணாம்.

"அப்போ எனக்கு யாரு வழி விடுவாங்க?"

"நான் வர்றேன்," என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். மாற்று பேட்டரியை நான் வைத்துக்கொள்வது, அவள் கேட்டதும் கொடுப்பது, கூட்டம் வந்தால் நான் தள்ளுவது. இதுதான் என் திட்டம். எனக்கு வயது அறுபத்திரண்டு, முழங்காலில் தேய்மானம். சிரிக்காதே.

திருவான்மியூர் மண்டபம். காலை முகூர்த்தம். சட்டைப் பையில் பேட்டரியோடு மணவறைக்கு நாலடி தள்ளி நின்றேன். இரண்டு பேர் மாறி மாறி வந்து, "பெரியவரே, டிபன் கீழ," என்று வழி காட்டினார்கள். வீடியோ எடுக்க வந்தவன் பெரிய கம்பியும் விளக்குமாக ஏறி நின்றான். அவனுக்கு எல்லாரும் ஒதுங்கினார்கள். பார்த்தாயா, என் வசனம் பொய்யில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கோமதியை ஓர் அத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். கோமதியின் முகத்தில் அந்த ஆவணி மாதம் தெரிந்தது.

தட்டில் தாலியை வைத்துச் சபையில் இருக்கிறவர்கள் தொட்டுக் கும்பிட எடுத்துப் போனார்கள். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். கேமராவில் தொங்கிய சிவப்புப் பட்டையில் அவர் கண் நின்றது. கோமதி தன் பழைய பட்டுப்புடவைக் கரையில் உனக்குத் தைத்துக் கொடுத்தாளே, அதே பட்டை.

"இது தனசேகரோடதுன்னா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரருங்க. போன வருஷம் தவறிட்டாரு."

"அடடா, நேக்கு யாருமே சொல்லலையே!" கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார். "கேமராக்காரா எல்லாம் அக்னி மேலயே ஏறி விழுவா. அவர் மட்டும், தட்டு சபைக்குப் போனதும் எங்கிட்ட வந்து குனிஞ்சு, 'சாமி, அஞ்சு விநாடி'ம்பார். பேட்டரி மாத்திக்கறதும் அப்பதான். நான் திருமாங்கல்யத்தை உசரத் தூக்கிப் பிடிச்சுண்டு நிப்பேன். முன்னாடி நிக்கறவாளை நகத்தறதும் நான்தான். உங்களுக்கும் வேணுமோ?"

கோமதி கேமராவை இறக்கி அவரையே பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது, மாப்ளே. அந்த நேரத்தில் அவள் எப்போதும் சபைப் பக்கம் இருப்பாள், பெரியவர்கள் தட்டைத் தொடுவதை எடுத்துக்கொண்டு. மணவறையில் நீ குனிந்து என்ன கேட்டாய் என்று அவள் பார்த்ததே இல்லை. எனக்கும் நீ சொன்னதில்லை. நான் கிரிப்பைப் புகழும்போதெல்லாம் பக்கத்தில் நின்று மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா?

"அஞ்சு விநாடி போதும் சாமி," என்றாள். என் பக்கம் கையை நீட்டினாள். பேட்டரியைக் கொடுத்தேன்.

தட்டு திரும்பி வந்தது. ஐயர் தாலியை எடுத்து உயர்த்தினார். "மாமி, செத்த நகருங்கோ! போட்டோக்காரம்மாவுக்கு மறைக்கறது பாருங்கோ!" அத்தை நகர்ந்தார். வீடியோக்காரனும் நகர்ந்தான். கோமதி மண்டி போட்டாள். என் தலையில் அட்சதை விழுந்தது. கெட்டிமேளத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, அவள் விரல் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று முடிச்சும் இருக்கிறது. இரண்டாவதில் ஐயரின் முழங்கை கொஞ்சம் ஓரத்தில் வருகிறது. அதை வெட்ட மாட்டேன் என்கிறாள்.

இப்படியே எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் கதை அளக்க மாட்டேன். அன்று மத்தியானம் அவள் கை வீங்கிவிட்டது. ஐஸ் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். அந்த மணிக்கட்டு இன்னும் எத்தனை முகூர்த்தம் தாங்கும், எனக்குத் தெரியாது. எல்லா ஐயரும் அவரைப் போல இருப்பாரா, அதுவும் தெரியாது. ஆனால் கேமராவை விற்றுக் கொடுங்கள் என்ற பேச்சை அவள் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. பழைய கிரிப் என் மேசையில்தான் இருக்கிறது. கார்டைத் திரும்ப நாலாக மடித்து, நீ வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதை எடுத்து எறிய எனக்கு உரிமை இல்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி கிரிப் கேட்டு வருகிறவரிடம் முதலில் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன், அப்புறம்தான் பெட்டியைத் திறப்பேன். டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்றே சொல்வேன், வாங்கினால் வாங்கட்டும். உன் பேரைச் சொல்லி இனிமேல் எதையும் விற்க மாட்டேன். தை பிறந்ததும் கோமதிக்கு மூன்று முகூர்த்தம் இருக்கிறது. மூன்றுக்கும் அவள் கையை நீட்டுகிற தூரத்தில் நான் நிற்பேன்.

சட்டைப் பையில் பேட்டரியோடு,
உன் மச்சான்
இப்ராகிம்