விரிசலுக்கு மேல வெள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

புனேயிலிருந்து மாரீஸ்வரன். நேத்து நான் பேசப் பேசப் போனை வச்சுட்டீக, அதான் எழுதுறேன். சொகமான்னு கேக்க மாட்டேன். கால்ல கட்டுப் போட்டிருக்கிறதைப் படத்துலயே பாத்துட்டேன்.

தானாப் பறக்குற ட்ரோனு நம்மூரு தண்ணித் தொட்டியை எடுத்த படம் எங்க ஆபீசுக்குத்தான் சரிபாக்க வந்துச்சு. தொட்டி நல்லா இருக்குன்னு மிஷினு பச்சை காட்டிருச்சு. காட்டாம என்ன செய்யும்? பொங்கலுக்கு வந்தப்ப நான் விரலை விட்டுப் பாத்த விரிசலு அது. கலெக்டர் வாராகன்னா அடிக்கிற மாதிரி வெள்ளையடிச்சு மூடிட்டீகளே. பிரஷ்ஷோட பக்கத்துல நீங்களே நிக்கிறீக. தொட்டி ஆபரேட்டரு செய்யிற வேலையா இது? அதுக்குக் கீழதான உங்க பேத்தி ரோஷினி போற பால்வாடி இருக்கு?

பச்சையை அழிச்சுட்டு ஆபத்துன்னு எழுதினேன். மிஷினை விட உனக்குத் தெரியுமான்னு மேனேஜர் கத்துனான், நானும் கத்துனேன். வேலை போகல, பயப்படாதீக. பிள்ளைகளை உள்ள விட வேண்டாம்னு டீச்சர்ட்ட சொல்லிட்டேன்.

இருபதாம் தேதி ட்ரோனு மறுபடி வரும். அதுக்குள்ள ஆள் விட்டு வெள்ளையைச் சுரண்டுங்க. நீங்க ஏணியில ஏறக் கூடாது. காலை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில காட்டுங்க. கொஞ்சம் மோர்மிளகாயும் அனுப்புங்க.

படத்துல ஆள் இருந்தா அந்த உருவத்தை அழிக்கணும்னு இங்க உத்தரவு. எட்டு மாசம் கழிச்சு உங்களைப் பாத்தேன், அழிக்க முடியல. இருபதாம் தேதி ட்ரோனு வாரப்ப தொட்டியை விட்டுத் தள்ளி நின்னு மேல பாருங்க, உங்க முகம் எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் என் கோவம் ஆறாது.

ஷிப்டுக்கு நேரமாச்சு.

உங்க மகன்
மாரீஸ்வரன்