திரையின் மேல் ஓடிய வரி

நோஷிரோ, அகிதா
10 மே 1998

அன்புள்ள யுகாரி,

வீடியோ டேப் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. எங்கள் மாகாணத்து டிவியில் ‘உப்பு விளக்கு’ தொடர் ஒளிபரப்பாவதில்லை என்று கார்ட்டூன் இதழின் வாசகர் பக்கத்தில் நான் புலம்பியதற்கு, முகம் தெரியாத நீ வாராவாரம் பதிவு செய்து அனுப்புகிறாய். என்ன புண்ணியம் செய்தேனோ.

முதல் பகுதியில் கலங்கரை விளக்கை அணைத்தது யார்? கேப்டன் கரா என்றுதான் வாசகர் பக்கத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். இல்லை, நர்ஸ் செனா. மூன்றாம் பகுதியில் அவள் தேநீர் ஊற்றும்போது படத்தை நிறுத்திப் பார். கட்டைவிரலில் தீக்காயக் கட்டு. அடுத்த காட்சியிலேயே கையுறை போட்டுவிடுகிறாள். ஆனால் படகுகள் பாறையில் மோதும் என்று தெரிந்தும் ஏன் அணைத்தாள்? அவள் கெட்டவள் இல்லையே. அதுதான் பிடிபடவில்லை.

பள்ளியை விட்டதிலிருந்து அம்மாவின் பார்லரில் தரையில் விழும் முடியைப் பெருக்குகிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளர், “உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா, இல்ல சும்மா அலங்காரத்துக்கு வெச்சிருக்கீங்களா?” என்றார். “அவ டிவிகிட்ட மட்டும்தான் பேசுவா” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். யுகாரியிடமும் பேசுவேன் என்று சொல்ல நினைத்தேன். பெருக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

உன்
சிகுசா

காவசாகி
19 மே

என் துப்பறியும் சிகுசாவுக்கு,

கட்டைவிரல்! நான் நான்கு முறை பார்த்தும் கண்ணில் படவில்லையே. நீ போலீஸில் சேரலாம்டி. அங்கேயும் வாயைத் திறக்க வேண்டியிருக்கும், அதுதான் சிக்கல்.

இங்கே காவசாகியில் ஒரே மழை. சித்தி வீட்டு மாடியில் துணி காயவில்லை. அம்மா நலம். தங்கை சட்சுகி அப்பாவோடு இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? உனக்கு அனுப்பும் டேப்பையே நகலெடுத்து அவளுக்கும் சித்தி மூலம் அனுப்புகிறேன். ஒன்பது வயதுப் பெருமை பிடித்த கழுதை. பள்ளியில் புதிது புதிதாகக் கற்கும் எழுத்துகளைக் காட்டிக்கொள்ள, கண்ணில் படுவதையெல்லாம் உரக்க வாசிப்பாள். ரயிலில் அவளோடு போனால் ஒரு விளம்பரம் பாக்கி இருக்காது. அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

எட்டாம் பகுதியும் இதோடு வருகிறது. செனாவைக் கவனி.

அன்புடன்
யுகாரி

நோஷிரோ
1 ஜூன்

அன்புள்ள யுகாரி,

செனாவைக் கவனிக்கச் சொன்னாய். நான் உன்னைக் கவனித்துவிட்டேன்!

எட்டாம் பகுதியில், செனா படியிறங்கும் இடத்தில், திரையின் மேல்பக்கம் ஒரு வெள்ளை வரி ஓடியது. டெக்கை நிறுத்தி வாசித்தேன். “கடும் மூடுபனி காரணமாக தகமாட்சு துறைமுகப் படகுகள் நிறுத்தம்.” அந்த வரியை காவசாகியில் யாருக்காகக் காட்டுவார்கள்? தகமாட்சு இருக்கும் தொலைதூர ககாவா மாகாணத்தில்தான் நீ இருக்கிறாய். சித்தி காவசாகியிலிருந்து தபாலில் சேர்க்கிறார், அதனால் முத்திரை மட்டும் காவசாகி. சரிதானே?

முதலில் குதித்தேன். “வீட்டை இடிச்சுடாதடி!” என்று அம்மா கீழேயிருந்து கத்தினாள். பிறகு அழுகை வந்தது. காயாத துணியைக்கூட எனக்காக இட்டுக்கட்டி எழுதினாயா? எனக்கு இருக்கும் ஒரே தோழி நீ. என்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

கோபமாக,
ஆனாலும் உன்
சிகுசா

6 ஜூன்

சிகுசா,

நீ சொன்னது எல்லாமே சரி. உன் மேல் எனக்குக் கோபமில்லை.

அப்பா அடித்ததில் அம்மாவுக்கு இடது காது கேட்பதில்லை. சட்சுகி பள்ளிச் சுற்றுலா போயிருந்த நாளில், அம்மாவும் நானும் உயிருக்குப் பயந்து அவளை விட்டுவிட்டே ஓடிவந்தோம். அவளை மீட்க இங்கிருந்து அம்மா அலைந்துகொண்டிருக்கிறாள். இடம் தெரிந்தால் அப்பா வந்துவிடுவார். யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

நீ பார்த்த அதே எட்டாம் பகுதி சட்சுகியிடமும் போயிருக்கிறது. அவள் அந்த வரியை வாசித்திருப்பாள், உரக்க. சித்தி தரும் மிட்டாயைக்கூட வாங்கவிடாத அப்பா, டேப்பை மட்டும் ஏன் தடுப்பதில்லை என்று நினைத்ததுண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாராம். இப்போது புரிகிறது.

இன்றே கிளம்புகிறோம். எங்கே என்று எழுதமாட்டேன். சித்தி விலாசத்துக்கும் இனி எழுதாதே, அப்பா அங்கே வந்து தபால் பெட்டியைக் கிளறுகிறார். உனக்கு நன்றாக வரும் ஒரே வேலையைச் செய்யாதே என்று கேட்கிறேன். என்னைக் கண்டுபிடிக்காதே.

இதழின் வாசகர் பக்கத்தை மட்டும் எங்கிருந்தாலும் படிப்பேன். பெயர் போடாதே.

செனா ஏன் விளக்கை அணைத்தாள் என்று கேட்டாயே. என் ஊகம் இது: இருட்டிலேயே போக வேண்டிய படகு ஒன்று இருந்திருக்கும்.

யுகாரி

வாசகர் பக்கம், நவம்பர் இதழ்
(ஆசிரியருக்கு: இந்த முறை என் பெயரும் விலாசமும் அச்சிட வேண்டாம், தயவுசெய்து.)

கடைசிப் பகுதியை அனுப்பிய தோழிக்கு,

உன் ஊகம் சரி. விளக்கு அணைந்ததால்தான் அந்தப் படகு தப்பியது. அதைப் பார்த்தபோது நான் டெக்கை நிறுத்தவில்லை. திரையின் மேல்பக்கத்தில் அட்டை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

உறை வந்தபோது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தபால் முத்திரை இருக்கும் மூலையைக் கிழித்து அடுப்பில் போடும்படி அம்மாவிடம் சொன்னேன். “என்னடி இது, புது வியாதி?” என்றாள் அம்மா. “அதைப் படிக்காதம்மா, சத்தமாப் படிக்கவே படிக்காத!” என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலை முதல்முறையாகக் கேட்டவர்கள்.

ஒன்றை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டேப்பின் மேல் ஒட்டிய தாளில் இருப்பது உன் எழுத்து இல்லை. பெரிது பெரிதாக, தாளை விட்டு வெளியே ஓடுகிற எழுத்து. தன் எழுத்தைப் பற்றி ரொம்பப் பெருமை உள்ள யாரோ.

யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். இதுதான் என் கடைசிக் கண்டுபிடிப்பு. அந்தத் தாளையும் உரித்து எரித்துவிட்டேன்.

பதில் வேண்டாம்.

விளக்கை அணைத்தவள்