மூணாவது தட்டு

தகட்டுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்ட என் அருமை மாப்பிள்ளை கோவிந்தனுக்கு,

வருஷம் திரும்பப் போகிறது. நம் டத்தோ கிராமாட் பேட்டை வாசகசாலைத் தம்பிகள் உன் நினைவாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். "அவருக்கே எழுதுங்கண்ணே. நாங்க பக்கத்துல நின்னு படிச்சுக்கிறோம்" என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அழுது எழுத மாட்டேன். வராது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் வரவில்லை. ஊரில் என்னைக் கல்நெஞ்சன் என்கிறார்கள். சொல்லட்டும், அவர்கள் வாய்க்கு நான் பூட்டா போட முடியும்?

படிக்கிறவர்களுக்காக நம் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ கொட்டாவி விடாதே. கப்பல் தகடு இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஓட்டைகள் நேருக்கு நேர் வரும்படி கூர்ங்கம்பி அடித்துச் சரிசெய்து வைப்போம். உலையில் செக்கச் சிவந்த ரிவெட்டு ஆணியை உலைக்காரன் ஆ செங் உனக்கு அனுப்புவான். நீ உள்ளே உட்கார்ந்து அதை இடுக்கியால் பிடித்து ஓட்டையில் சொருகுவாய். அதன் தலைமேல் டோலி என்கிற இரும்புக் கட்டையை வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்திக்கொண்டு நிற்பாய். வெளியே ஆணியின் வால் நீட்டிக்கொண்டிருக்கும். நானும் இடக்கைச் சின்னப்பனும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி அடிப்போம். வால் நசுங்கும். கடைசியில் குழி வைத்த அச்சை மேலே வைத்து நாலு போடு போட்டால் உருண்டையாக இன்னொரு தலை வந்துவிடும். ஆறும்போது ஆணி சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை.

உள்ளே தாங்குகிறவன் இல்லை என்றால் வெளியே அடிக்கிறவன் காற்றைத்தான் அடிக்கிறான். அதனால்தான் தட்டு. தயார் ஆனதும் உள்ளே இருப்பவன் தகட்டில் இடுக்கியால் இரண்டு தட்டுத் தட்டுவான். எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதுதான் வழக்கம். நீ மட்டும் இரண்டு தட்டி, கொஞ்சம் விட்டு, மூணாவதாக ஒன்று தட்டுவாய். "அது எதுக்குடா?" என்று கேட்டால் "அது வேலைக்கு இல்ல, உனக்கு" என்பாய். திமிர் பிடித்த பயல்.

கல்யாணப் பேச்சை ஆரம்பித்ததும் அப்படித்தானே? ஊரில் எவனாவது ரிவெட்டு ஓட்டைக்குள் வாயை வைத்துப் பெண் கேட்பானா? "அண்ணே, ஒரு சேதி." என்னடா என்றேன். "அஞ்சலைய எனக்குக் குடுக்கிறியா?" என் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை, நடுவில் அரை அங்குல இரும்பு வேண்டியிருந்தது உனக்கு. சின்னப்பன் சிரித்துச் சிரித்துச் சாரத்திலிருந்து விழப் பார்த்தான். அந்த ஓட்டைக்குள் அப்படியே ஒரு சூட்டு ஆணியை விட்டிருக்க வேண்டும் நான். விடவில்லை. என் தங்கச்சியைக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஊர் முன்னால் "வாங்க மாப்பிள்ளை", பட்டறையில் "டேய்".

வீடும் அப்படியே அமைந்தது பார். ஒரே பலகைச் சுவர், அந்தப் பக்கம் நீயும் அஞ்சலையும், இந்தப் பக்கம் நான். விடிந்ததும் சுவரில் இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று. நான் முஷ்டியால் ஒரு குத்து விடுவேன். அதுதான் நமக்குக் காலை வணக்கம்.

அந்தத் தண்ணித் தொங்காங் உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லாமல் எப்படி. நடுக்கடலில் நிற்கிற கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற படகு. அடித்தகடு இற்றுப் போய்க் கரையேற்றி வைத்திருந்தார்கள். தொட்டிக்குள் இறங்குகிற வாய் சின்னது. நம் கூட்டத்தில் அதில் நுழையக்கூடிய ஒல்லிப்பிச்சான் நீ ஒருத்தன்தான். உச்சி வெயில். வெளியே நிற்கிற எனக்கே சட்டை பிழிந்தால் சொட்டும், உள்ளே நீ எப்படி இருந்தாயோ. "மேல வாடா, கொஞ்சம் காத்து வாங்கு" என்றேன். "இந்த வரிசை முடியட்டும் மச்சான், ஒண்ணுதான் பாக்கி" என்றாய்.

ஆணி வந்தது. வால் வெளியே நீட்டியது. இரண்டு தட்டு கேட்டது.

மூணாவது வரவில்லை. நான் சுத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "அடிண்ணே, ஆறுது" என்றான் சின்னப்பன். ஆணி சிவப்பிலிருந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. அடித்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அடி நான் அடித்ததே இல்லை. எதிரே தாங்க ஒன்றுமில்லை, கை அப்படியே முன்னால் போனது. ஆணி உள்ளே போய் எங்கேயோ விழுந்து உருள்கிற சத்தம் கேட்டது.

அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் முழங்கால் மட்டும் தெரிந்தது. "கோவிந்து, டேய், கோவிந்து" என்று ஓட்டைக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டேன். நீ பெண் கேட்டாயே, அதே மாதிரி. மேலே இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை. சூடுதான் கொன்றது என்றார்கள். அந்த மூணாவது தட்டுக்கு உனக்குச் சக்தி இல்லையா, இல்லை அது தேவையில்லாத தட்டு என்று விட்டுவிட்டாயா? இதை நான் யாரிடம் கேட்பது?

காரியமெல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் எல்லாரையும் வரவேற்றேன், பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். அஞ்சலையும் அழவில்லை. அண்ணனும் தங்கச்சியும் இரண்டு மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தோம். சோறு வாயில் போனது, ருசி தெரியவில்லை. பசிக்கிறது என்று வயிறு சொல்லவும் இல்லை.

வேலைக்குத் திரும்பினேன். தொங்காங்கில் எல்லா வரிசையும் மற்றக் கூட்டத்தார் முடித்திருந்தார்கள். அந்த ஒரு ஓட்டை மட்டும் திறந்தே கிடந்தது, யாரும் தொடவில்லை. "உன் ஆள் விட்டது, நீயே அடி" என்றார் எங்களை மேய்க்கிற மேஸ்திரி, மண்டோர். உள்ளே தாங்க காதர் என்று புதிதாக ஒரு தம்பி. நாகூர்ப் பக்கம், நல்ல பையன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். ஆணி வந்தது. இரண்டு தட்டு. நான் சுத்தியைத் தூக்கினேன்.

கை இறங்கவில்லை மாப்பிள்ளை. பயமா என்றால் பயம் இல்லை, துக்கமா என்றால் அதுவும் தெரியவில்லை. மூணாவது வரட்டும் என்று கை அது பாட்டுக்கு மேலே நின்றது. ஆணி கறுத்துவிட்டது. தட்டி வெளியே தள்ளி, இன்னொன்று சூடு பண்ணினான் ஆ செங். அதுவும் கறுத்தது. "என்னா அண்ணே, நா சுடச் சுட நீ சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறியே லா" என்று கத்தினான். மறுநாளும் அதே கூத்து. சின்னப்பன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

மண்டோர் கெட்டவர் இல்லை. ஆனாலும் தொங்காங் கடலில் இறங்க வேண்டுமே. "முனியாண்டி, நாளைக்கு அந்த ஆணி உக்காரணும். இல்லேன்னா சுத்திய இன்னொருத்தன்கிட்ட குடுத்துட்டு, நீ உள்ள இறங்கித் துருச் சுரண்டு" என்றார். உள்ளே என்றால் நீ கிடந்த அதே தொட்டிக்குள்ளே. நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தேன். அஞ்சலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

விடிந்தது. எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று படுத்தே கிடந்தேன். பலகைச் சுவரில் சத்தம். டொக், டொக்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை, அது அஞ்சலை என்று உடனே தெரிந்துவிட்டது. வளையல் கழற்றிய கையின் தட்டு. மூணாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். ஐயோ, இவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டதா? எழுந்து உட்கார்ந்து, சுவரில் நானே அந்த மூணாவதைத் தட்டினேன். நான் தட்டியதே இல்லை அதுவரைக்கும்.

அந்தப் பக்கமிருந்து ஓங்கி ஒரு குத்து விழுந்தது. "முழிச்சாச்சுல்ல, அப்புறம் என்னண்ணே தட்டிக்கிட்டு? கஞ்சி ஆறுது, வா."

போனேன். இரண்டு கிண்ணம் குடித்தேன். கருவாடு உப்புக் கரித்தது. உப்பு தெரிகிறதே என்று அப்போதுதான் கவனித்தேன். "அந்த ஓட்டைய யாரு அடைச்சா என்ன? நீ அடைச்சா அவருக்கு ஒரு நிம்மதி" என்றாள் அஞ்சலை. உள்ளே விழுந்து உருண்டதே, உன் கடைசி ஆணி, அதை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "இரும்ப வச்சு நான் என்ன பண்ண?" என்றாள். அவள் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

பட்டறையில் ஆணி வந்தது. உள்ளே காதர் இரண்டு தட்டினான். நான் சுத்திப் பிடியால் மூணாவதைத் தட்டினேன். அது எதற்கு என்று அவனுக்குத் தெரியாதே. "தம்பி, இருக்கியா? இருந்தா பதில் தட்டு" என்று கத்தினேன். டங் என்று ஒரு தட்டு வந்தது. "இருக்கேண்ணே!" என்று குரலும் வந்தது. கை இறங்கியது. நான் ஒன்று, சின்னப்பன் ஒன்று, நான் ஒன்று. எதிரே கனமாகத் தாங்கிக்கொண்டு ஓர் ஆள் இருப்பது தோள்வரைக்கும் தெரிந்தது. தலை உருண்டையாக உட்கார்ந்தது. ஆணி சோதிக்கிற வெள்ளைக்காரத் துரை வந்து சின்னச் சுத்தியால் தட்டி, மறுபுறம் விரல் வைத்துப் பார்த்தார். ஆடவில்லை. அடுத்த ஆணிக்குப் போய்விட்டார். அவருக்கு அதுவும் ஓர் ஆணிதான்.

தொங்காங் இறங்கிவிட்டது. வெல்ட் கீ படகுத்துறையில் ஒரு நாள் அதிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை, நம் ஆணி கடல்தண்ணியை உள்ளே விடவில்லை. அஞ்சலையிடம் வந்து சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வரவில்லை.

புதுச் சேதி ஒன்று. காற்றுச் சுத்தி வந்துவிட்டது. குழாய் வழியாகக் காற்று, விரலை அழுத்தினால் கடகடவென்று அதுவே அடிக்கிறது, ஒருத்தன் போதும். சின்னப்பன் தகட்டு ஓரம் அடைக்கிற வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் என் கை மரத்துவிடுகிறது, காப்பிக் கோப்பையின் சூடுகூட விரலுக்குத் தெரிவதில்லை. நெஞ்சு முதலில் மரத்தது, கை இப்போது துணைக்குச் சேர்ந்துகொண்டது. காது வேறு மந்தம். நீ இருந்தால் "செவிட்டு மச்சான்" என்று பேர் வைத்திருப்பாய்.

"மிஷினு வந்தாச்சு, இன்னும் என்னய்யா தட்டிக்கிட்டுக் கொஞ்சிக்கிட்டு?" என்றார் மண்டோர். "கொஞ்சல் இல்ல மண்டோரே, உள்ள மனுஷன் இருக்கான்" என்றேன். முறைத்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது பக்கத்துக் கூட்டத்திலும் சிலர் அப்படித் தட்டுகிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை, இனிமேல் மூணாவது தட்டு என்னுடையது. சூட்டு ஆணி கறுத்துப் போகட்டும், மண்டோர் கத்தட்டும், உள்ளேயிருந்து பதில் வராமல் இந்த விரல் அழுத்தாது. பலகைச் சுவரிலும் அப்படித்தான். அஞ்சலையின் குத்து விழாத காலையில் நான் வேலைக்குப் போக மாட்டேன், கதவைத்தான் போய்த் தட்டுவேன். இது சத்தியம்.

உன் பதில் தட்டுக்கு இன்னும் காது வைத்திருக்கும்,
உன் செவிட்டு மச்சான்
முனியாண்டி